மேனிஃபெஸ்ட் வி3: ஏழு வருட பிரவுசர் சண்டையில் எந்த வாதம் எடுபட்டது?

2024 ஜூலை இறுதியில் கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரைத் திறந்த பலருக்கு எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை தெரிந்தது. யூபிளாக் ஆரிஜின் விரைவில் இயங்காமல் போகலாம், மாற்று ஏதாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அப்போது அந்த விளம்பரத் தடுப்பானைக் குரோமில் வைத்திருந்தவர்கள் 3 கோடிக்கும் மேல். அவர்களில் பெரும்பாலானோர் மேனிஃபெஸ்ட் வி3 என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அதைப் பற்றிய சண்டைக்கு அப்போதே ஐந்தரை வயது ஆகியிருந்தது.

பிரவுசர் சண்டைகள் பெரும்பாலும் முடிவில்லாதவை. எது வேகம், எது அதிகம் ராம் தின்கிறது, எதை நம்பலாம் என்று வருடக்கணக்கில் ஓடும். யாரும் தோற்கவும் மாட்டார்கள், ஜெயிக்கவும் மாட்டார்கள். இது அப்படியில்லை. தொடங்கிய மாதம் தெரியும். இரு தரப்பும் என்ன சொன்னார்கள் என்பது எழுத்தில் இருக்கிறது. 2025-ல் முடிவும் வந்துவிட்டது. அதனால் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, எந்த வாதத்துக்குப் பின் உண்மையிலேயே ஏதாவது மாறியது என்று உட்கார்ந்து பார்க்க முடிகிறது.

என்னதான் மாறியது

ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனிலும் மேனிஃபெஸ்ட் என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். எக்ஸ்டென்ஷனின் பெயர் என்ன, அதற்கு என்னென்ன அனுமதி வேண்டும், எந்தப் பக்கங்களில் வேலை செய்யும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். குரோமில் அதன் இரண்டாம் தலைமுறை 2012-ல் வந்தது. மூன்றாவது வரப்போகிறது என்று கூகுள் 2018 அக்டோபரில் அறிவித்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விவரமான வரைவு கண்ணில் பட்டபிறகு, 2019 ஜனவரியில்தான் தீ பற்றியது.

காரணம் ஒரே ஒரு வசதி. ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட், விளம்பர சர்வர் என்று நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் வெளியே போகும். வி2-ல் வெப்ரிக்வெஸ்ட் என்ற வசதி இருந்தது. அதைப் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷனிடம் ஒவ்வொரு கோரிக்கையும் முதலில் வந்து நிற்கும். போகட்டுமா, நிறுத்தவா, வேறு முகவரிக்குத் திருப்பவா என்பதை எக்ஸ்டென்ஷனின் சொந்த நிரல் அந்தக் கணத்தில் முடிவு செய்யும். வி3-ல் அந்த முடிவு எக்ஸ்டென்ஷனின் கையைவிட்டுப் போகிறது. எவற்றை நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு விதிப் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும்; ஒப்பிட்டுப் பார்த்துத் தடுப்பது குரோமின் வேலை. இந்தப் புது வசதிக்கு டிக்ளரேட்டிவ் நெட் ரிக்வெஸ்ட் என்று பெயர். நம் ஆளையே வாசலில் நிறுத்தி, வருகிறவர் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வது ஒன்று. யாரை விடக்கூடாது என்று எழுதிக் கட்டட வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருவது இன்னொன்று. பட்டியல் எத்தனை வரி இருக்கலாம், எப்போது திருத்தலாம் என்பதைக் கட்டடக்காரர்தான் சொல்வார்.

வேறு மாற்றங்களும் இருந்தன. எக்ஸ்டென்ஷன் தன் நிரலை வெளி சர்வரிலிருந்து இறக்கி ஓட்டக்கூடாது என்றார்கள். பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த பக்கத்துக்குப் பதில் சர்வீஸ் வொர்க்கர் வந்தது; 30 விநாடி சும்மா இருந்தால் அதை பிரவுசர் நிறுத்திவிடும். நினைவில் எதையாவது வைத்துக்கொண்டிருக்க வேண்டிய எக்ஸ்டென்ஷன்களுக்கு இந்த 30 விநாடி பெரிய தலைவலி. அதை எழுதும் டெவலப்பர்கள் இதைப் பற்றித்தான் வருடக்கணக்கில் புலம்பினார்கள். பொது விவாதத்தில் இதற்கு இடமே கிடைக்கவில்லை. விளம்பரம் என்ற சொல் வந்துவிட்டால் மற்றதெல்லாம் காதில் விழாது போலிருக்கிறது.

30,000 என்ற எண்

யூபிளாக்கை 2014-லிருந்து எழுதிவருபவர் ரேமண்ட் ஹில். நன்கொடைகூட வாங்காதவர் என்பதால் அவருக்குப் பண நோக்கம் கற்பிப்பது கஷ்டம். 2019 ஜனவரியில், குரோமுக்கு அடிப்படையான திறந்தமூலத் திட்டமான குரோமியத்தின் பிழைப் பட்டியலில், வரைவு இப்படியே வந்தால் யூபிளாக் ஆரிஜினும் தன்னுடைய இன்னொரு எக்ஸ்டென்ஷனான யூமேட்ரிக்ஸும் பிழைக்காது என்று அவர் எழுதினார். கூகுள் கெட்டது என்று அவர் சொல்லி நிறுத்தியிருந்தால் அது ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாகப் போயிருக்கும். அவர் ஓர் எண்ணைக் காட்டினார். வரைவின்படி ஓர் எக்ஸ்டென்ஷன் கொடுக்கக்கூடிய விதிகள் அதிகபட்சம் 30,000. தடுப்பான்கள் எல்லாம் நம்பியிருக்கும் ஈஸிலிஸ்ட் பட்டியல் ஒன்றே அந்த அளவைத் தாண்டிவிட்டது.

இது யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய வாதம். பட்டியல் பொதுவில் இருக்கிறது, வரிகளை எண்ணினால் போதும். கூகுளின் நோக்கம் நல்லதோ கெட்டதோ, அந்த எண் போதாது என்பது மட்டும் உறுதி. 2019 ஜூனில் கூகுள் அந்த வரம்பை 1,50,000 ஆக உயர்த்துவதாகச் சொன்னது. பின்னால் அதையும் மாற்றி, ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் 30,000 விதிகள் உறுதி, அதற்கு மேல் எல்லா எக்ஸ்டென்ஷன்களும் பகிர்ந்துகொள்ளும் 3,00,000 விதிகளின் பொதுக் கையிருப்பு என்று ஆக்கினார்கள். இயங்கும்போதே சேர்க்கக்கூடிய விதிகளுக்கு முதலில் வைத்த 5,000 என்ற வரம்பும் பிறகு தடுத்தல், அனுமதித்தல் போன்ற பாதுகாப்பான வகை விதிகளுக்கு 30,000 ஆனது.

எனக்கு இந்தச் சண்டையிலேயே பிடித்த பகுதி அடுத்தது. வெப்ரிக்வெஸ்ட்டை எடுப்பதற்கு கூகுள் சொன்ன காரணங்களில் வேகம் ஒன்று. ஒவ்வொரு கோரிக்கையும் எக்ஸ்டென்ஷனிடம் போய்வந்தால் பக்கம் தாமதமாகிறது என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பலரும் தலையாட்டினார்கள், எதிர்த்தவர்களும் வேகம் குறைந்தால் குறையட்டும், உரிமைதான் முக்கியம் என்ற ரீதியில்தான் பேசினார்கள். 2019 பிப்ரவரியில் கோஸ்டரி குழுவினர் அளந்தே பார்த்துவிட்டார்கள். பிரபலமான தடுப்பான்களை எடுத்து, ஒரு கோரிக்கையைத் தடுப்பதா விடுவதா என்று முடிவெடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று சோதித்தார்கள். ஒன்றைத் தவிர மற்றவற்றில் இடைநிலை நேரம் ஒரு மில்லிவிநாடிக்கும் மிகக் கீழே இருந்தது. ஒரு விளம்பரப் படத்தை இறக்க ஆகும் நேரத்தின் முன்னால் அது தூசு.

கோஸ்டரியும் தடுப்பான் விற்கிற நிறுவனம்தான். ஆதாயம் இல்லாமல் அளக்கவில்லை. ஆனால் முறையையும் தரவையும் வெளியிட்டிருந்ததால் அந்த ஆதாயம் முடிவைக் கெடுக்கவில்லை. அடுத்த சில நாட்களிலேயே கூகுள் பொறியாளர்கள் வரைவு இறுதியானதல்ல, விதி வரம்பு கூடும், கோரிக்கைகளைத் தடுக்காமல் கவனிக்கும் வசதி அப்படியே இருக்கும் என்று எழுதினார்கள். இன்னொரு விளைவும் உண்டு, அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்தச் சோதனையில் பிரேவ் பிரவுசரின் தடுப்பு இயந்திரமும் இடம்பெற்றிருந்தது. அதே வருடம் பிரேவ், யூபிளாக் ஆரிஜினும் கோஸ்டரியும் கையாளும் வழியைப் பின்பற்றி அதை ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதியது. சண்டைக்கு நடுவில் யாரோ ஒருவருடைய மென்பொருள் நிஜமாகவே வேகமானது என்பது அபூர்வம்தான்.

பாதுகாப்பு வாதம் பொய்யா?

வி3-ஐ எதிர்த்தவர்கள் பலர், பாதுகாப்பு என்பதை வெறும் சாக்கு என்று ஒரே வரியில் ஒதுக்கினார்கள். இதில் நான் அவர்கள் பக்கம் இல்லை.

நானோ அட்பிளாக்கர், நானோ டிஃபெண்டர் என்று இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் இருந்தன. முதலாவது யூபிளாக் ஆரிஜினிலிருந்து கிளைத்தது. 2020 அக்டோபரில் அவற்றை எழுதியவர் நேரமில்லை என்று வேறு ஆட்களிடம் கைமாற்றிவிட்டார். புதிய கைகளுக்குப் போனதும் வந்த பதிப்பில், பயனரின் பிரவுசரிலிருந்து வெளியே போகும் கோரிக்கைகளின் விவரங்களைக் கவனித்து வேறு சர்வருக்கு அனுப்பும் நிரல் சேர்ந்திருந்தது. அதைப் பிரித்துப் பார்த்து வெளியே சொன்னவர்களில் ரேமண்ட் ஹில்லும் ஒருவர். பயனர் எதையும் நிறுவவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. நேற்றுவரை நம்பியது இன்று தானாக அப்டேட் ஆகி வேறொன்றாகிவிட்டது. அதே காலத்தில் தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனும் இப்படித்தான் 2020-ல் கைமாறியது. சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்கவைக்கும் எளிய கருவி. 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். வெளி சர்வரிலிருந்து நிரலை இறக்கி ஓட்டியது தெரிந்து, 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கானது என்று அறிவித்துத் தூக்கியது.

ஆக, ஆபத்து கற்பனையல்ல. வெளி நிரலைத் தடைசெய்யும் வி3-ன் பகுதிக்கு கிரேட் சஸ்பெண்டரே போதுமான சாட்சி. அந்தப் பகுதியை எதிர்த்து உருப்படியான வாதம் எதையும் நான் பார்க்கவில்லை.

ஆனால் வெப்ரிக்வெஸ்ட் விஷயத்தில் கூகுளின் வாதம் தானாகவே வழுக்கியது. 2018 ஜனவரிக்குப் பிறகு பிடிபட்ட தீய எக்ஸ்டென்ஷன்களில் 42 சதவீதம் வெப்ரிக்வெஸ்ட்டைப் பயன்படுத்தியவை என்று 2019-ல் கூகுள் சொன்னது. கேட்டதும் பயமாக இருக்கும் எண். கொஞ்சம் நின்று யோசித்தால் இரண்டு கேள்விகள் வரும். நல்ல எக்ஸ்டென்ஷன்களில் எத்தனை சதவீதம் அதைப் பயன்படுத்துகின்றன? அது தெரியாமல் 42-ஐ வைத்து என்ன செய்வது? இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம்: வேவு பார்க்க எது தேவை, தடுப்பதா கவனிப்பதா? கவனிப்பதுதான். வி3 எடுத்துவிட்டது தடுக்கும் வசதியை. தகுந்த அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷன் கோரிக்கைகளைக் கவனிப்பது வி3-லும் முடியும். நானோ டிஃபெண்டர் செய்த வேலைக்கு அது போதும்.

இதோடு இன்னொரு ஓட்டையும் சேர்ந்தது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் கம்ப்யூட்டர்களில் நிர்வாகக் கொள்கை வழியாக நிறுவும் எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டும் தடுக்கும் வசதி தொடரும் என்று 2019 மே மாதம் கூகுள் தெளிவுபடுத்தியது. ஆபத்து என்றால் நிறுவனத்துக்கு மட்டும் ஆபத்தில்லையா என்று உடனே கேட்டார்கள். அங்கே பொறுப்பேற்க ஒரு நிர்வாகி இருக்கிறார், வீட்டுப் பயனருக்கு யார் இருக்கிறார்கள் என்பது பதில். பதில் அபத்தமில்லை. ஆனால் தன் கம்ப்யூட்டருக்குத் தானே நிர்வாகி என்று நினைக்கிறவருக்கு அது திருப்தி தராது.

நோக்க வாதம்

அதிக சத்தம் வந்தது இங்கிருந்துதான். விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனம் விளம்பரத் தடுப்பானை ஒழிக்கிறது, இதில் விளக்க என்ன இருக்கிறது என்பார்கள். ஹில்லும் 2019 மே மாதம் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு அளிக்கும் ஆண்டறிக்கையை எடுத்துக் காட்டினார். விளம்பரத்தைத் தடுக்கும் தொழில்நுட்பங்களை வருமானத்துக்கான ஆபத்துகளில் ஒன்றாக நிறுவனமே அதில் எழுதியிருக்கிறது. மின்னணு உரிமைகளுக்கான இஎஃப்எஃப் அமைப்பு 2021 டிசம்பரில் வி3-ஐக் கடுமையாகச் சாடி எழுதியது. 2023 ஜூலையில் பக்கத்தைத் திறக்கும் கருவி நம்பத்தக்கதா என்று தளங்களுக்குச் சான்று காட்டும் ஒரு திட்டத்தை கூகுள் பொறியாளர்கள் முன்வைத்து, எதிர்ப்புக்குப் பின் நவம்பரில் கைவிட்டார்கள். சந்தேகத்துக்குத் தீனி இல்லாமல் இல்லை.

நானும் அந்த ஆதாய முரண்பாடு இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வாதமாக இது எங்கேயும் போகவில்லை. கூகுளுக்குள் எந்தப் பொறியாளர் எந்த எண்ணத்தோடு எழுதினார் என்பதை வெளியில் இருக்கும் யாராலும் சோதிக்க முடியாது. எதிர்த்தரப்பு உடனே பதிலுக்கு வேறு நோக்கங்களை அடுக்கும்: தடுப்பான் வைப்பவன் ஓசியில் படிக்கிறான், பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா ஆள் பிடிக்கப் பார்க்கிறது. இப்படியே இருபது சுற்று போகும். வரைவில் நிகழ்ந்த மாற்றங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால், விதி வரம்பு, இயங்குகால விதிகள், காலக்கெடு ஆகியவைதான் மாறியிருக்கின்றன. காலக்கெடு தள்ளிப்போனதற்குக் காரணமும் நோக்கத்தைப் பற்றிய கூச்சல் அல்ல. எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்கள், இன்னது வி3-ல் செய்யவே முடியவில்லை என்று பட்டியல் போட்டுக் காட்டியதுதான். முதலில் 2023 ஜனவரியில் வி2 நிற்கும் என்றார்கள். 2022 டிசம்பரில் அதைத் தள்ளிவைத்தார்கள். 2023 நவம்பரில் சொன்ன புதிய அட்டவணைப்படிதான் 2024 ஜூனில் வேலை தொடங்கியது.

ஐந்து விநாடி வழக்கு

அதே 2023 நவம்பரில் ஒரு கிளைச் சண்டை வந்தது. ஓர் ஊகம் எப்படித் தீர்ப்பாகிறது என்பதை இதைவிட நெருக்கமாகப் பார்க்க முடியாது.

பயர்பாக்ஸில் யூடியூப் வீடியோ ஒன்றைத் திறந்தால் ஏறக்குறைய ஐந்து விநாடி வெற்றுத் திரை. ஒருவர் அதைப் பதிவு செய்து போட்டார். பிறகு பிரவுசர் தன்னை யார் என்று சொல்லிக்கொள்ளும் யூசர் ஏஜென்ட்டைக் குரோம் என்று மாற்றினார். வீடியோ உடனே வந்தது. இன்னொருவர் பக்கத்தின் ஸ்கிரிப்டைத் தோண்டி, ஐந்தாயிரம் மில்லிவிநாடி காத்திருக்கச் சொல்லும் வரி ஒன்றை எடுத்து வைத்தார். கையும் களவுமாகப் பிடிபட்டதாகவே எல்லோரும் எழுதினார்கள். நம்புவதற்குப் பழைய காரணமும் இருந்தது: 2018-ல் யூடியூபின் புதிய வடிவமைப்பு குரோமில் மட்டும் இருந்த ஒரு பழைய வசதியை நம்பி எழுதப்பட்டிருந்ததால், பயர்பாக்ஸிலும் மைக்ரோசாஃப்ட் எட்ஜிலும் ஐந்து மடங்கு மெதுவாக ஏறுகிறது என்று மொசில்லாவின் மேலாளர் ஒருவரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் அந்த வரியைச் சுற்றியிருந்த நிரலை மெனக்கெட்டுப் படித்தவர்கள் கண்டது வேறு. எந்த பிரவுசர் என்று பார்க்கும் சோதனை அந்த இடத்தில் இல்லை. விளம்பரத் தடுப்பான் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையின் ஒரு பகுதியாக அது இருந்தது. குரோமிலும் எட்ஜிலும் அதே தாமதத்தைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். தடுப்பான் வைத்திருப்பவர்களுக்கு எந்த பிரவுசரிலும் இப்படி நேரலாம் என்று யூடியூபும் சொல்லிவிட்டது.

அப்படியானால் யூசர் ஏஜென்ட்டை மாற்றியதும் சரியானது எப்படி? அந்தச் சோதனையில் ஒன்றல்ல, இரண்டு மாறியது. யூசர் ஏஜென்ட் மாறியது. பக்கமும் புதிதாக லோட் ஆனது. தாமதமோ எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் வரவில்லை. எதனால் சரியானது என்று சொல்ல, எதையும் மாற்றாமல் பலமுறை லோட் செய்து பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்து காட்டியவர்களுடைய பதிவுகள் முதல் வீடியோ போன தூரத்தில் கால்வாசிகூடப் போயிருக்காது. யூடியூப் இதில் யோக்கியம் என்று ஆகிவிடாது. வேண்டுமென்றே தாமதம் வைத்தது உண்மைதான். குற்றம் ஒன்று, குற்றப்பத்திரிகை வேறொன்று.

எல்லோரும் பயர்பாக்ஸுக்கு வாங்க

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். தொழில்நுட்பரீதியில் தப்பில்லாத அறிவுரை. மொசில்லாவும் வி3-ஐ ஏற்றது, ஆனால் தடுக்கும் வெப்ரிக்வெஸ்ட்டை எடுக்கவில்லை. 2023 ஜனவரியில் வந்த பயர்பாக்ஸ் 109 முதல் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. வி2-ஐயும் நிறுத்தவில்லை. இன்னும் சொன்னால், சண்டைக்கு முன்னாலேயே யூபிளாக் ஆரிஜின் பயர்பாக்ஸில்தான் மேலாக இயங்கியது. தளத்தின் சொந்த முகவரிபோல வேஷம் போட்டு வரும், பயனரை வேவு பார்க்கும் டிராக்கரின் உண்மைப் பெயரை, இணைய முகவரிகளின் பெயரேடான டிஎன்எஸ் வழியே கண்டுபிடிக்கும் வித்தை 2020 முதல் அங்கே உண்டு. குரோமில் அதற்கு வழியே இல்லை.

பிறகு ஏன் யாரும் போகவில்லை? பிரவுசர் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் ஸ்டேட்கவுன்ட்டர் கணக்குப்படி 2025-லும் பயர்பாக்ஸின் பங்கு 3 சதவீதத்துக்குக் கீழேதான் நின்றது. குரோமிடம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

இதற்கு விசுவாசிகள் சொல்லும் பதில் மக்களின் சோம்பல். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. பயர்பாக்ஸே தன் பயனர்களுக்குச் செய்த சோதனைகள் கொஞ்சமில்லை. 2017 நவம்பரில் பதிப்பு 57 வந்தபோது பழைய எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையையும் ஒரே நாளில் நிறுத்தியது. காரணம் என்ன சொன்னார்கள்? பாதுகாப்பு, வேகம். 2019 மே மாதம், அதாவது குரோமின் வரைவை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில், மொசில்லாவின் சான்றிதழ் ஒன்று காலாவதியாகி உலகம் முழுக்க பயர்பாக்ஸில் எக்ஸ்டென்ஷன்கள் செயலிழந்தன. 2024 செப்டம்பரில் மொசில்லாவின் பரிசீலனைக் குழு, வி3-க்காக ஹில் எழுதிய யூபிளாக் ஆரிஜின் லைட்டைப் பொருந்தாத காரணங்கள் சொல்லித் தடுத்தது. தவறு என்று பின்னால் ஒப்புக்கொண்டாலும், ஹில் அதற்குள் பயர்பாக்ஸ் கடையிலிருந்து லைட்டை விலக்கிக்கொண்டார். 2025 பிப்ரவரியில், சரியாக யூபிளாக் குரோமில் அணைந்துகொண்டிருந்த வாரங்களில், மொசில்லா புதிய பயன்பாட்டு விதிகளை வெளியிட்டது. பயனர் பிரவுசரில் தட்டச்சு செய்வதற்கெல்லாம் மொசில்லாவுக்கு உரிமம் தருவதுபோல ஒரு வாக்கியம் அதில் இருந்தது. தரவை ஒருபோதும் விற்கமாட்டோம் என்ற பழைய வாக்குறுதியும் காணாமல் போயிருந்தது. கூச்சல் எழுந்து இரண்டு நாளில் வாக்கியத்தைத் திருத்தினார்கள். குரோமிலிருந்து ஆள் வரும் நேரம் பார்த்து இதைவிட மோசமாகக் கதவைச் சாத்த முடியாது.

மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைப்பதற்கு கூகுளே தரும் பணம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். குரோமை விற்கச் சொல்வார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2025 செப்டம்பரில் வந்த பரிகாரத் தீர்ப்பு அதைச் சொல்லவில்லை. இத்தகைய பணத்தை முழுக்கத் தடுக்கவும் இல்லை. கூகுளை ஒழிக்க பயர்பாக்ஸுக்கு மாறுங்கள் என்று சொன்னவர்கள், அன்று பயர்பாக்ஸ் பிழைத்தது கூகுளின் பணம் தப்பியதால்தான் என்பதைக் கொஞ்சம் சங்கடத்தோடு பார்த்திருப்பார்கள்.

மொபைலில் கதையே வேறு. ஆண்ட்ராய்டு போனில் வரும் வழக்கமான குரோம் எக்ஸ்டென்ஷன்களை ஏற்பதே இல்லை, வி2-வும் இல்லை வி3-யும் இல்லை. உலகில் பாதிக்கு மேற்பட்டோர் இணையத்தைத் திறக்கும் கருவியில் இந்தச் சண்டைக்கு இடமே இல்லை. அங்கே பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் வருடக்கணக்காக ஓடுகிறது. விவாதத்தில் இதை எடுத்தவர்கள் மிகச் சிலர். சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

முடிந்தபின் கணக்கு

2024 அக்டோபரில் வழக்கமான குரோமில் வி2 எக்ஸ்டென்ஷன்களை அணைக்கத் தொடங்கினார்கள். 2025 மார்ச் வாக்கில் அது பரவலாகிவிட்டது; சிலகாலம் கைமுறையாகத் திரும்ப இயக்க முடிந்தது. வி2-ஐ எந்த வகையிலாவது ஏற்ற கடைசிப் பதிப்பு குரோம் 138. 139-ல் நிறுவனங்களுக்கான கால அவகாசமும் போய்விட்டது.

விளம்பரத் தடுப்பான்கள் செத்துவிடும் என்ற தீர்க்கதரிசனம் என்ன ஆனது? ஃபிராங்க்ஃபர்ட்டின் கோத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தடுப்பான்களின் வி2, வி3 பதிப்புகளை ஒரே தளங்களில் ஓட்டி ஒப்பிட்டார்கள். விளம்பரங்களையும் டிராக்கர்களையும் தடுப்பதில் புள்ளியியல் நோக்கில் சொல்லத்தக்க இறக்கம் தெரியவில்லை என்று 2025-ல் எழுதினார்கள். ஹில் 2022-ல் சோதனையாகத் தொடங்கிய யூபிளாக் ஆரிஜின் லைட்டைச் சாதாரணப் பக்கங்களில் ஓட்டுகிறவர் பலருக்கு வித்தியாசமே தெரியாது.

அப்படியானால் எதிர்த்தவர்கள் சும்மா கத்தினார்களா? இல்லை. முதல் காரணம், அவர்கள் கத்தாமல் 30,000 வரியோடு வி3 வந்திருந்தால் அந்த ஆய்வின் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும். அளந்தது 2019-ன் வரைவை அல்ல, சண்டைக்குப் பின் திருந்திய வடிவத்தை. இரண்டாவது காரணம், போன இழப்பு சராசரியில் தெரிகிற வகை இல்லை. பழைய யூபிளாக்கில் ஒரு தளத்துக்கு எந்த வெளித்தளங்களின் ஸ்கிரிப்ட் வரலாம் என்று கட்டம் கட்டமாகத் தேர்ந்தெடுக்க முடியும். வேறு யாரோ பராமரிக்கும் பட்டியலின் முகவரியை ஒட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேல், பட்டியல்கள் எக்ஸ்டென்ஷனைத் தொடாமல் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். 2023 இலையுதிர்காலத்தில் யூடியூப் தடுப்பான்களை விரட்டத் தொடங்கியபோது, பட்டியல் பராமரிப்பவர்கள் ஒரே நாளில் பலமுறை திருத்தம் போட்டு ஈடுகொடுத்தார்கள். லைட்டில் பட்டியல் எக்ஸ்டென்ஷனோடு சேர்ந்தே வருகிறது. பட்டியல் மாறவேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷனின் புதுப் பதிப்பு கடை வழியாக வரவேண்டும். தடுத்தல், அனுமதித்தல் போன்ற விதிகள் மட்டும் மாறியிருந்தால் பரிசீலனையைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழி ஒன்றை கூகுள் பிறகு திறந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கதவும் கூகுளுடையது. தடுப்பானுக்கும் தளத்துக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயத்தில் யார் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பதை இனி தீர்மானிப்பது மூன்றாவது ஒருவர், அவருக்கே ஒரு பெரிய வீடியோ தளமும் இருக்கிறது. நோக்கத்தை நிரூபிக்கவே வேண்டாம், இந்த அமைப்பைக் காட்டினாலே போதும் என்ற வாதம் ஏழு வருடத்தில் அரிதாகத்தான் கேட்டது.

ஆப்பிள் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. பட்டியலைக் கொடு, நான் தடுக்கிறேன் என்ற முறையை ஐபோனில் 2015-லேயே கொண்டுவந்தது ஆப்பிள்தான், ஐஓஎஸ் 9-ல். அப்போது ஒரு பட்டியலுக்கு 50,000 விதிகள் வரம்பு. 2019-ல் சஃபாரி 13 பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தியபோது மேக்கில் ஓடிய யூபிளாக் ஆரிஜினும் அதோடு போனது. கூகுளுக்குக் கிடைத்த வசவில் பத்தில் ஒரு பங்குகூட ஆப்பிளுக்குக் கிடைக்கவில்லை. அது விளம்பர நிறுவனமில்லை என்பதால் அதன் நோக்கத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆறு வருடம் சஃபாரியில் யூபிளாக் என்ற பெயரில் நம்பத்தக்க எதுவும் இல்லாமலேயே இருந்தது. 2025 ஆகஸ்டில் ஆப்பிளின் கடைக்கு யூபிளாக் ஆரிஜின் லைட் வந்து சேர்ந்தது, மேக்குக்கும் ஐபோனுக்கும். சஃபாரிக்குக் கொண்டுபோக முடிந்தது, அது டிக்ளரேட்டிவ் நெட் ரிக்வெஸ்ட்டில் எழுதப்பட்டிருந்ததால்தான்.